எங்கள் மனுவை மறுபடி எடுங்கள்: நம் ஊர் மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மன்றத் தலைவர் அம்மா அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கட்டி முடித்திருக்கும் பெண்கள் படிப்பகத்துக்கு, ஜனநாயக மாதர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவராக இருந்த மைதிலி சிவராமன் பெயரை வைக்கக் கேட்டு 140 பெண்கள் கையெழுத்துப் போட்டு உங்களிடம் மனு கொடுத்தோம். நான்கு மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது. கோரிக்கையைப் பரிசீலிக்க இயலவில்லை, அவ்வளவுதான். காரணம் எழுதவில்லை. காரணத்தைக் கூட்டத்தில் வாய்வார்த்தையாகச் சொன்னீர்கள். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று காரணம் சொன்னீர்கள். அவர் நம் ஊர்க்காரர் இல்லை என்றார் ஒருவர். அவர் ஒரு கட்சியைச் சேர்ந்தவர் என்றார் இன்னொருவர். மூன்றாவதாக, உறுப்பினர் ஒருவருக்குப் பதிலாக அவர் கணவர் எழுந்து நின்று, "அந்தம்மா பேரை வச்சா வாச்சாத்தி பேரும் கூடவே வரும். பழசை எதுக்குங்க கிளறணும், மாவட்டத்துக்கே கெட்ட பேரு" என்றார். 1992இல் அரசாங்க ஆட்களே புகுந்து அட்டூழியம் செய்த, நம் தருமபுரி மாவட்டத்து மலை ஊரைத்தான் சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அடுத்த பொருளுக்குப் போய்விட்டீர்கள். அடுத்த பொருள் தெருவிளக்கு.

முதல் இரண்டு காரணங்களுக்கும் பதில் சொல்லிவிடலாம், சொல்கிறேன். மூன்றாவதைக் கேட்டுவிட்டு அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முக்கியமாக அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1992இல் நான் அரூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஆறாம் வகுப்பு என் பொறுப்பு. மலை ஊர்களிலிருந்து நடந்து வருகிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அந்த வகுப்பில் இருந்தார்கள். அதில் ஒரு பெண் கணக்கில் கெட்டி. வாய்ப்பாட்டைப் பாட்டு மாதிரி சொல்வாள். வாச்சாத்திப் பிள்ளை இல்லை, வேறொரு மலையடிவார ஊர்.

ஜூன் 20ஆம் தேதி வாச்சாத்தியில் என்ன நடந்தது என்பது எங்களுக்கு நான்கைந்து நாள் கழித்துத் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்தது. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சேர்ந்து அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள், ஆலமரத்தடியில் எல்லாரையும் இழுத்து வந்து போட்டு அடித்தார்கள், பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோனார்கள் என்றார்கள். மளிகைக் கடையில் நின்றால் ஒரு கதை, பேருந்தில் ஏறினால் வேறொரு கதை. எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "கட்டை கடத்துறவனுங்க ஊரு டீச்சர் அது. கவர்மெண்டு ஆளுங்க அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க." நான் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜூலை முதல் வாரம் வன மகோத்சவம் வந்தது. பள்ளிக்கு மரக்கன்று கொடுக்க ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள், காக்கிச் சட்டையில். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். புங்கன், வேம்பு என்று கன்றுகளை இறக்கிவைத்தார்கள். பிள்ளைகள் எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். எண்ணிப் பார்த்தால் ஒரு தலை குறைகிறது. திரும்பி வகுப்புக்குள் போனேன். கரும்பலகை சாத்தியிருந்த மர ஸ்டாண்டுக்குப் பின்னால் சுவரோடு சுவராக அந்தப் பெண் ஒட்டிக்கொண்டு நின்றாள். பாவாடை நனைந்திருந்தது. கையில் பல்பத்தை நொறுங்கிப்போகும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள். "வாம்மா, செடி வாங்கிக்கலாம்" என்றேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "போயிட்டாங்களா டீச்சர்?"

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை அவள் வெளியே வரவில்லை. காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு பள்ளிக்கும் வரவில்லை. ஒருநாள் கேட்டு அனுப்பினேன். கரும்பு வெட்டப் போகிறவர்களோடு குடும்பமே போய்விட்டது என்றார்கள். அதற்கு மேல் நான் தேடவில்லை.

நான் பக்கத்தில் இருந்தேன். எனக்குப் படிப்பு இருந்தது, அரசு வேலை இருந்தது, மனு எழுதத் தெரிந்த கை இருந்தது. எழுதவில்லை. எழுதினால் வேலைக்கு ஆபத்து என்று பயந்தேன். அந்தப் பயத்தில் நான் மட்டும் இல்லை, இந்தச் சுற்றுவட்டாரமே இருந்தது.

அந்த நேரத்தில் எழுதியவர்களில் ஒருவர்தான் மைதிலி சிவராமன்.

இதைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வாச்சாத்தி வழக்கை அவர் தனியாக நடத்தவில்லை. முதலில் அது அந்த ஊர்ப் பெண்களின் வழக்கு. இத்தனை வருடம் எத்தனை மிரட்டல், எத்தனை ஆசை காட்டல் வந்தும் சொன்ன சொல்லை மாற்றாமல் நின்றவர்கள் அவர்கள். பிறகு பழங்குடி மக்கள் சங்கத்தின் பெ. சண்முகம், நீதிமன்றத்துக்கு வழக்கைக் கொண்டுபோன மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. நல்லசிவன், வழக்கறிஞர்கள், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் என்று பலரும் தோள் கொடுத்தார்கள். இதில் மைதிலி சிவராமன் செய்தது என்ன? ஜனநாயக மாதர் சங்கத்தின் சார்பில், தேசிய தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்துக்கு ஒரு மனு அனுப்பினார். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று மாநில அரசு சாதித்துக்கொண்டிருந்த சமயம் அது. ஆணையம் அந்த மனுவை எடுத்துக்கொண்டு விசாரித்தது. பெண்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது என்று ஒரு அரசு அமைப்பே எழுத்தில் பதிவு செய்தது அதற்குப் பிறகுதான். 1995இல் சென்னை உயர்நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது.

விசாரணையில் என்ன வந்தது என்று உங்களில் இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். அதில் பள்ளிக்கூட வயதுப் பிள்ளையும் உண்டு. வீடுகள் நொறுக்கப்பட்டிருந்தன. தானியத்தில் கண்ணாடித் துண்டைக் கலந்து போட்டிருந்தார்கள். குடிக்கிற கிணறு பாழாக்கப்பட்டிருந்தது. குழந்தைகளோடு பெண்களைச் சேலம் சிறைக்குக் கொண்டுபோனார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர்: வனத்துறையினர் 155, காவல்துறையினர் 108, வருவாய்த்துறையினர் 6. 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தருமபுரி நீதிமன்றம் அத்தனை பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்ததால் 215 பேருக்குத் தண்டனை. அவர்களில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியானது. மேல்முறையீட்டில் நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு, 2023இல் அதே செப்டம்பர் 29ஆம் தேதி, தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட்டார்.

31 வருடம். அன்று கைக்குழந்தையாக இருந்தவர்களுக்கே பிள்ளை பிறந்து பள்ளிக்குப் போகிற காலம்.

"மாவட்டத்துக்குக் கெட்ட பேரு" என்றாரே அவர், அவரிடம் நான் கேட்கிறேன். எந்த நாள் நமக்குக் கெட்ட பேர் வந்தது? ஜூன் 20ஆம் தேதியிலா, அல்லது அந்தப் பெண்கள் வாயைத் திறந்த நாளிலா? அரசாங்க ஆட்கள் 269 பேரை, ஒருவர் விடாமல், குற்றவாளிகள் என்று ஒரு மலை ஊர்ப் பெண்கள் நிரூபித்தார்கள். அது தருமபுரி நீதிமன்றத்தில் நடந்தது. என்னைக் கேட்டால், இந்த மாவட்டத்தின் பேரைக் காப்பாற்றியவர்களே அவர்கள்தான். அந்தப் பெயரை ஏன் ஒளித்துவைக்க வேண்டும்?

வெளியூர்க்காரர் என்ற காரணத்துக்கு வருகிறேன். உண்மைதான். 1939இல் காக்கிநாடாவில் பிறந்தவர், சென்னையில் படித்தவர். அப்புறம் அமெரிக்காவில் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகம் படித்தார். நியூயார்க்கில் ஐ.நா.வுக்கான இந்தியத் தூதுக்குழுவில் வேலை பார்த்தார். கருப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் வியட்நாம் போர் எதிர்ப்பும் அந்த நாட்டைக் கொதிக்க வைத்த காலம் அது. அங்கேயே இருந்திருந்தால் என்னவாகியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். 1968இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

அதே வருடம் டிசம்பர் 25 இரவுதான் கீழ்வெண்மணி. அரைப்படி நெல் கூலி கூட்டிக் கேட்ட தகராறில் 44 தலித் உயிர்களை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அங்கேயும் அவர் வெளியூர்க்காரர்தான். நேரில் போனார், கேட்டார், எழுதினார். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலக்கிழார்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது தீர்ப்பில் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்தத் தீர்ப்பைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை அதே வருடம் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி என்ற ஆங்கில வார இதழில் வந்தது. ஐம்பது வருடம் கழித்தும் வெண்மணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் எழுதியதை எடுத்து வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

எங்கள் ஆசிரியர் அறையில் "கவர்மெண்டு ஆளுங்க அப்படிச் செய்ய மாட்டாங்க" என்று ஒருவர் சொன்னதை மேலே எழுதினேன். கார் வைத்திருப்பவர் அப்படிச் செய்ய மாட்டார் என்பதும் அதே பேச்சுதான். மைதிலி சிவராமன் வாழ்நாள் முழுக்க இந்தப் பேச்சுக்கு எதிராகத்தான் எழுதினார். யார் சொல்வது நம்பப்படுகிறது, யார் சொல்வது நம்பப்படுவதில்லை என்பதுதான் அவருக்குக் கேள்வி. அதற்கு உள்ளூர், வெளியூர் கிடையாது. உள்ளூர்க்காரியான நான் வாயை மூடிக்கொண்டிருந்தபோது ஒரு வெளியூர்க்காரர் எழுதினார். அதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

கட்சி விஷயம். ஆமாம், அவர் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர், தொழிற்சங்கத்தில் வேலை செய்தவர். எங்கள் மனுவில் அதை மறைக்கவில்லை. கையெழுத்துப் போட்ட 140 பேரில் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. ஆனால் நம் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு யார் பெயர்? வாரச்சந்தை நுழைவாயில் வளைவில் யார் பெயர்? பூங்காவுக்கு? எல்லாருமே கட்சித் தலைவர்கள்தான். அவர்கள் பெயரை வைத்தது சரி, மக்களுக்குச் செய்தார்கள், வைத்தோம். அதே அளவுகோலை இவருக்கும் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். இன்னொன்றும் கவனித்தேன். அந்தப் பெயர்களில் ஒன்றுகூடப் பெண் பெயர் இல்லை. மன்றத்தில் உங்களில் பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்ததால் வந்தீர்கள். அந்தச் சட்டம் மேலிருந்து தானாக விழவில்லை. தெருத்தெருவாகப் போய்ப் பெண்களைத் திரட்டிய ஒரு தலைமுறை அதற்குப் பின்னால் இருக்கிறது. கே.பி. ஜானகியம்மாள், பாப்பா உமாநாத் போன்றவர்கள் 70களில் தமிழ்நாட்டில் மாதர் சங்கத்தைக் கட்டினார்கள். மைதிலி சிவராமன் அவர்களோடு நின்றவர். அகில இந்திய அளவில் அந்தச் சங்கம் 1981இல் உருவானபோதும் முன்னின்றவர்களில் ஒருவர். வரதட்சணைச் சாவு, பெண் சிசுக்கொலை, கூலி, குடும்பத்துக்குள் நடக்கிற அடி உதை என்று அவர்கள் பேசாதது எதுவும் இல்லை.

தலைவர் அம்மா, உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. அன்று கூட்டத்தில் உறுப்பினருக்குப் பதிலாக அவர் கணவர் எழுந்து பேசியபோது அந்த உறுப்பினர் தலையைக் குனிந்துகொண்டு மினிட் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் என் மாணவிதான். வகுப்பில் கையைத் தூக்கிக்கொண்டே இருப்பாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. நீங்களும் கேட்டிருக்கலாம்.

மனு எழுதிய நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்களுக்கு வந்தது நான்கு லீகல் சைஸ் தாள். அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்பது தாளில் தெரியாது. என் வீட்டுத் திண்ணையில் ஆறு சாயங்காலம் உட்கார்ந்தோம். நூறு நாள் வேலை முடித்துவிட்டு வருகிறவர்கள், பனியன் கம்பெனி வேனிலிருந்து இறங்கி நேராக வருகிறவர்கள், குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். கையெழுத்து வாங்கும் முன்னால் யார் இவர், என்ன செய்தார் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னோம். சும்மா நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை.

ஒரு அக்கா, அறுபது வயது இருக்கும், ரேகை வைக்க மைப்பெட்டியை எடுத்துவிட்டு நிறுத்திக் கேட்டார். "அந்தம்மா நம்ம ஆளுங்களா டீச்சர்?"

"இல்லக்கா. பிராமண வீட்டுல பொறந்தவங்க."

"அப்போ நம்ம மாதிரி சனத்துக்காக எதுக்கு வந்தாங்க?"

உடனே பதில் வரவில்லை எனக்கு. அப்புறம் அவருடைய பாட்டி கதையைச் சொன்னேன். பாட்டி சுப்புலட்சுமிக்குப் பதினோரு வயதில் கல்யாணம், பதினான்கு வயதில் பிள்ளை. படிக்க வேண்டும் என்று உயிரை விட்ட மனுஷி. நடக்கவில்லை. தன் மகளையாவது படிக்கவைக்க வேண்டும் என்று போராடினார். யாருக்கும் தெரியாமல் நோட்டில் தன் மனதை எழுதி வைத்துக்கொண்டார். பல வருடம் கழித்து அந்தக் குறிப்புகளை வைத்துப் பேத்தி மைதிலி ஒரு புத்தகமே எழுதினார். இவ்வளவும் சொன்ன பிறகு, "சொந்த வீட்டிலேயே ஒரு பொம்பளையோட பேச்சு அம்பலம் ஏறலைன்னு பார்த்தவங்கக்கா. அதான் மத்தவங்க பேச்சு தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்" என்றேன். அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கட்டை விரலை மையில் நன்றாக அழுத்தி, கலங்காமல் தெளிவாக விழ வேண்டும் என்று தாளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பதித்தார். மூன்றாம் பக்கத்தில் கீழே இடதுபுறம் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். அதில் ரேகை ஒவ்வொரு கோடும் தெரியும்.

அந்த ரேகைக்குத்தான் ஒரு வரியில் பதில் அனுப்பினீர்கள்.

சாதாரண மக்களுக்கு மனு ஒன்றுதான் ஆயுதம். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் நில்லுங்கள், தெரியும். மஞ்சள் பையில் மனுவையும் ஆதார் நகலையும் வைத்துக்கொண்டு வெயிலில் எத்தனை பெண்கள். அதில் எத்தனை பேருக்குத் தங்கள் மனுவை யாரோ ஒருவர் முழுதாகப் படிப்பார் என்று நம்பிக்கை இருக்கிறது? வாச்சாத்திப் பெண்கள் சொன்னதை ஒருவர் மனுவாக எழுதினார், அதை ஒரு ஆணையம் படித்தது, படித்ததால் வழக்கு நகர்ந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் படிப்பகத்தைக் கேட்டோம், சிலை கேட்கவில்லை. டிஎன்பிஎஸ்சிக்கும் போலீஸ் தேர்வுக்கும் ஃபாரஸ்ட் கார்டு தேர்வுக்கும் படிக்க வருகிற பெண்கள் அந்த வாசலில் நுழைவார்கள். நாளைக்கு அவர்களே காக்கிச் சட்டை போடுவார்கள், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மனு வாங்குவார்கள். வாசலில் இருக்கிற பெயர் யாருடையது என்று ஒரு பிள்ளை கேட்டால், சொல்வதற்கு ஒரு கதை இருக்க வேண்டும். வெற்றுப் பலகையோ நன்கொடையாளர் பெயரோ அந்த வேலையைச் செய்யாது.

2011இல் வாச்சாத்தித் தீர்ப்பு வந்தபோது மைதிலி சிவராமனுக்கு அல்சைமர் நோய். நினைவு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. மற்றவர்கள் மறந்துவிடக் கூடாது என்று வாழ்நாள் முழுக்க எழுதியவருக்கு அந்த நோய் வந்ததை நினைத்தால் மனது தாங்கவில்லை. 2021 மே 30ஆம் தேதி கொரோனா அவரைக் கொண்டுபோனது. 81 வயது. ஊரடங்கு நேரம். நாலு பேர் கூடி அஞ்சலி செலுத்தக்கூட வழியில்லை. 2023 தீர்ப்பைப் பார்க்க அவர் இல்லை. அவர் மறந்துவிட்டார், நாமாவது ஞாபகம் வைத்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்தக் கணக்கில் கெட்டிக்காரப் பெண் இன்று நாற்பதைத் தாண்டியிருப்பாள். எங்கே இருக்கிறாளோ. அவளுக்கு ஒரு மகள் இருந்து, அவள் எங்கோ ஒரு படிப்பகத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

சரி. எங்கள் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மனுவை அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் மறுபடி சேருங்கள். நான்கு பக்கத்தையும் கூட்டத்தில் வாசியுங்கள். உறுப்பினர்கள் பேசட்டும், உறுப்பினர்கள் மட்டும். பெண் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் என்ன நினைக்கிறார்கள் என்பது தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். ஏற்றுக்கொண்டாலும் மறுத்தாலும் காரணத்தோடு எழுத்தில் பதில் வேண்டும். "இயலவில்லை" என்ற ஒரு சொல் எங்களுக்குப் போதாது.

படிப்பகத்துக்கு மைதிலி சிவராமன் பெயரை வையுங்கள். பலகையில் பெயருக்குக் கீழே இரண்டு வரி போதும்: வெண்மணிக்கும் வாச்சாத்திக்கும் நீதி கேட்டு எழுதியவர், 1939 – 2021 என்று. வாச்சாத்தி என்ற சொல்லை அதிலிருந்து எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் வைக்கிறோம் என்று சொன்னால் அதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

உள்ளே ஒரு அலமாரி ஒதுக்குங்கள். 2011, 2023 தீர்ப்புகளின் விவரம் எளிய தமிழில், அவருடைய எழுத்துகள், பெண்களுக்கான சட்டங்கள், பழங்குடியினர் உரிமைச் சட்டங்கள். தமிழில் சுருக்கி எழுதித் தரும் வேலையை நானும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் மூன்று பேரும் செய்கிறோம், காசு வேண்டாம். வாசலில் பெண்களுக்கான 181 உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும்.

கட்டிடம் முடிந்து இத்தனை நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. திறந்தால் காலை பத்திலிருந்து ஐந்து வரை என்று ஆபீஸ் நேரத்தில் வைக்காதீர்கள். வேலைக்குப் போகிற பெண்களுக்கு அது உதவாது. இரவு எட்டு மணி வரை திறந்திருக்க வேண்டும், பெண் பணியாளர் ஒருவர் இருக்க வேண்டும், பின்பக்கச் சந்தில் விளக்கு வேண்டும். கழிப்பறைக்குக் கதவு இன்னும் மாட்டவில்லை, நேற்றுகூடப் போய்ப் பார்த்தேன். அதை மாட்டுங்கள்.

திறப்பு விழாவுக்கு வாச்சாத்திப் பெண்களை அழைக்க வேண்டும் என்று எங்களுக்கு ஆசை. ஆனால் முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும். விருப்பம் இருந்தால் வரட்டும். வந்தால் மேடையில் நிறுத்திப் பழையதைச் சொல்லச் சொல்லிக் கேட்கக் கூடாது, படம் பிடித்துப் பேப்பரில் போடக் கூடாது. விருந்தாளிகளாக வந்து, ரிப்பன் வெட்டி, சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். அந்த மரியாதைக்கு நீங்கள் பொறுப்பு.

அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் வருகிறோம். கையெழுத்துப் போட்டவர்களில் வேலையிலிருந்து வர முடிந்த அத்தனை பேரும் பார்வையாளர் வரிசையில் உட்காருவோம். ரேகை வைத்த அக்காவும் வருகிறார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் உங்கள் பதிலை அவர் முன்னால் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
கையெழுத்திட்ட 140 பெண்களுக்காக,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்